தொண்ணூற்றைந்து கேட்டவன்

மச்சானுக்குத் தெரியாமல் அவன் பெயரில் விண்ணப்பம் போட்டது நான். அது தெரிந்து சில நாள் அவன் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனாலும் நேர்காணலுக்குக் கூப்பிட்டபோது சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போனான். கேள்வி கேட்டவர்களையே திருப்பிக் கேள்வி கேட்டுவிட்டு வந்தான். 'எங்களுக்குச் சம்மதம், சம்பளம் மட்டும் பேச வேண்டும்' என்று தகவல் வந்துவிட்டது.

பேச வேண்டிய நாள் இன்று.

மச்சான் என் மனைவியின் தம்பி. அவள் இறந்த வாரத்தில் ஒரு தோள்பையோடு வந்தான். அவனை யாரும் இருக்கச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. இருந்துவிட்டான். என் மகளுக்கு அவன் ஐஸ் மாமா. அவளைப் பள்ளியிலிருந்து கூட்டி வருவது, வீட்டுப்பாடம் எழுத வைப்பது, தலை பின்னுவது எல்லாம் அவன்தான். பின்னல் மட்டும் இன்னும் கைவரவில்லை. ஒன்று தோளிலும் ஒன்று காதோரமும் நிற்கும்.

தொழில், குளிர்பதன மெக்கானிக். முன்பு மீன் பதப்படுத்தும் பெரிய ஆலை ஒன்றில் அம்மோனியா கம்ப்ரஸர்களைக் கட்டி மேய்த்தவன். இப்போது பள்ளிக்கு அடுத்த தெருவில் ஒரு பழுதுக்கடையில் வீட்டு ஃபிரிட்ஜுக்கு கேஸ் ஏற்றுகிறான். பள்ளி விடும்போது வாசலில் நிற்க வசதி. அதைத் தவிர அந்தக் கடையில் அவனுக்கு ஒன்றும் இல்லை. தேடி வந்த இரண்டு வேலைகளை அவன் திருப்பி அனுப்பிய சங்கதி, கடை முதலாளி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதனால்தான் இந்த விண்ணப்பத்தை நானே போட்டேன்.

புது வேலை ஒரு ராத்திரி ரயில் தூரத்தில். துறைமுகத்தை ஒட்டிய குளிர்பதனக் கிடங்கு, தலைமை மெக்கானிக் பதவி. சம்பளம் ஐம்பத்தைந்தாயிரம் முதல் எழுபத்தைந்தாயிரம் வரை என்று விளம்பரத்திலேயே போட்டிருந்தார்கள்.

அப்படிப் போடுவதுதான் என் பிழைப்பு. பொட்டலம் கட்டும் இயந்திரங்கள் செய்கிற கம்பெனியில் ஆள் சேர்க்கும் பிரிவில் இருக்கிறேன். கீழே ஒரு தொகை, மேலே ஒரு தொகை போட்டு விளம்பரம் எழுதுவேன். மேல்தொகையைப் பார்த்து விண்ணப்பம் வரும். கேட்கக் கூச்சப்படுகிறவர்களுக்குக் கீழ்த்தொகை கொடுப்போம். நடுவில் இருப்பதெல்லாம் வாயுள்ளவனுக்கு.

காலையில் அதைத்தான் அவனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் அடுப்பில் முட்டையைப் புரட்டிக்கொண்டிருந்தான்.

"முதல்ல அவங்க வாயால வரட்டும். நீயா எதுவும் சொல்லாத."

"அவங்களும் சொல்லலன்னா?"

"சொல்லுவாங்க."

"சொல்லலன்னா? ரெண்டு பேரும் போனைக் காதுல வெச்சுக்கிட்டு மூச்சு விட்டுக்கிட்டே இருக்கறதா? அதுக்கு வேற பேரு மாமா."

"பாப்பா இருக்கா."

"அதனாலதான் பேரைச் சொல்லல."

"ரொம்பக் கட்டாயப்படுத்தினா எழுபத்திரண்டுன்னு சொல்லு," என்றேன்.

"எழுபத்தஞ்சு வரைக்கும்னு போட்டிருக்கு. அதையே கேட்டா என்ன?"

"உச்சியைக் கேட்டா, அடுத்த வருஷம் உனக்கு ஏத்தறதுக்கு எடம் இல்லன்னு யோசிப்பாங்க. எழுபதுன்னு ரவுண்டா சொன்னா அறுபத்தஞ்சுக்கு இழுப்பாங்க. எழுபத்திரண்டுன்னா கணக்குப் போட்டுக் கேக்கற ஆளு மாதிரி இருக்கும்."

"என்ன கணக்கு?"

"ஒரு கணக்கும் இல்ல. அப்படித் தெரியும்."

"இதுக்கா உங்களுக்கு மாசாமாசம் சம்பளம் தர்றாங்க?"

"ஆமா."

ஒத்திகை பார்க்கலாம் என்றேன். நான் மேனேஜராக நடித்துப் பார்த்தேன். என் குரலில் மேனேஜரே இல்லை என்று அவன் சொன்னான். என் மகள் புத்தகப்பையை மேஜையாக முன்னால் வைத்துக்கொண்டு நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள்.

"நான்தான் மேனேஜர். உங்களுக்கு எவ்ளோ வேணும்?"

"நீங்க எவ்ளோ தரலாம்னு இருக்கீங்க மேடம்?" என்றான் மச்சான், கரண்டியோடு குனிந்து.

"நான்தான் மொதல்ல கேட்டேன்."

"இல்ல மேடம், உங்க மனசுல என்ன இருக்குன்னு தெரிஞ்சா..."

"என் மனசுல ஒண்ணும் இல்ல. சீக்கிரம் சொல்லுங்க, எனக்கு ஸ்கூலுக்கு லேட்டாகுது."

அவன் என்னைப் பார்த்தான். "மாமா, இவகிட்டயே கவுந்துட்டேன்." பிறகு அவள் பக்கம் திரும்பினான். "எழுபத்திரண்டு மேடம்."

"சரி, குடுத்துட்டேன். ஆனா நீ அங்க போயிட்டா என்னை யாரு கூட்டிட்டு வருவா?"

அவன் அடுப்பை அணைத்தான். முட்டையைத் தட்டில் சரித்தான்.

"அதுக்குத்தான் அப்பா ஒரு ஆன்ட்டி வீடு பாத்து வெச்சிருக்காரே."

"அந்த ஆன்ட்டி வீட்டுல டிவி பெருசு," என்றாள். அவளுக்கு அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. மச்சானுக்கு முடியவில்லை என்பது அவன் பாத்திரம் தேய்த்த வேகத்தில் தெரிந்தது.

"போகணும்னே முடிவு பண்ணிட்டீங்க," என்றான், முதுகைக் காட்டியபடி.

"நீ ஃபிரிட்ஜுக்கு கேஸ் ஏத்தப் பொறந்தவன் இல்லடா."

"யாரு எதுக்குப் பொறந்தாங்கன்னு உங்க ஆபீஸ்ல எழுதி வெச்சிருக்கா?"

நான் பையை எடுத்துத் தோளில் மாட்டினேன். அவன் குழாயை மூடினான்.

"பேசறேன். நீங்க கிளம்புங்க, பஸ் போயிடும்."

* * *

அலுவலகத்தில் காலையிலேயே கணக்குப் பிரிவுக்கு ஒரு பெண்ணை எடுத்தோம். எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்டேன். "நீங்களே பாத்துக் குடுங்க சார்" என்றாள். பார்த்துக் கொடுத்தோம். கீழ்த்தொகை. அவள் எழுந்து நின்று நன்றி சொன்னாள். நானும் சொன்னேன்.

அவளை வாசல்வரை அனுப்பிவிட்டு வந்தபோது மச்சானின் அழைப்பு வந்தது.

"மாமா, பேசிட்டேன்."

குரல் லேசாக இருந்தது. அவனிடம் அப்படி ஒரு குரலைக் கேட்டு ரொம்ப நாளாகிறது.

"என்ன சொன்ன?"

"தொண்ணூத்தஞ்சு."

"என்னது?"

"தொண்ணூத்தஞ்சாயிரம் கேட்டேன்."

"எழுபத்தஞ்சுதான் உச்சின்னு அவங்க விளம்பரத்துலயே போட்டிருக்காங்கடா."

"படிச்சேனே."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. மூச்சு மட்டும் விட்டாங்க." சிரித்தான். "சாயந்திரத்துக்குள்ள மெயில் போடறேன்னு சொல்லியிருக்காங்க. 'வருந்துகிறோம்'னு வரும். விடுங்க, நமக்குக் குடுத்து வெக்கல. மாமா, இங்க ஒரு ஃப்ரீஸர் வந்திருக்கு. உள்ள ஒரு வாரத்து இறைச்சி அப்படியே கெடக்கு. நாத்தம் கொடலைப் புடுங்குது. வெக்கறேன்."

நாற்றத்தை ஒருவன் அவ்வளவு சந்தோஷமாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

எனக்கு இந்த ரகம் தெரியும். வேலை வேண்டாம் என்று நேராகச் சொல்ல முடியாதவர்கள் இருக்கிறார்கள். வீட்டில் யாரோ தள்ளிவிட்டிருப்பார்கள். வந்து உட்கார்ந்து, நாங்கள் தரவே முடியாத ஒரு தொகையைக் கேட்பார்கள். மறுப்பு எங்கள் வாயிலிருந்து வரும். வீட்டுக்குப் போய் 'அவங்க எடுத்துக்கல' என்று சொல்லிக்கொள்வார்கள். யாருக்கும் யாரோடும் சண்டை இல்லை.

இந்தத் தடவை தள்ளிவிட்டவன் நான்.

அவனைக் கூப்பிட்டுப் பேசியிருக்கலாம். அதைச் செய்யவில்லை. கிடங்கில் ஆள் சேர்க்கும் அம்மாவைக் கூப்பிட்டேன். வேலைவாய்ப்பு முகாம்களில் எங்கள் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து மேஜை விழும். ஒருமுறை என் ஸ்டேப்ளரை வாங்கிப் போனவர், இன்னும் தரவில்லை. அவ்வளவு பழக்கம். மச்சான் எனக்கு உறவு என்பது அவருக்குத் தெரியாது.

"என்ன சார், எங்க ஆளு யாரையாவது தூக்கப் போறீங்களா?"

"இல்ல மேடம். இன்னிக்கு உங்ககிட்ட தொண்ணூத்தஞ்சு கேட்டானே ஒருத்தன், அவன் என் மச்சான்."

"அட! உங்க மச்சானா? நல்லா கேட்டார் போங்க, நாற்காலியிலேருந்து விழத் தெரிஞ்சேன். நீங்க சொல்லிக் குடுத்ததா?"

"இல்ல. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன். அவன் வரணும்னு அதைக் கேக்கல. நீங்க வேண்டாம்னு சொல்லணும்னு கேட்டிருக்கான். வீட்டு நிலைமை அப்படி. அதை வெச்சு அவனை விட்டுடாதீங்க. வேலையில அவனை அடிச்சுக்க ஆளில்ல. எழுபத்திரண்டுக்கு வருவான்."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

"மேடம்?"

"சார்..." குரல் தணிந்துவிட்டது. "நீங்க ஸ்பீக்கர்ல இருக்கீங்க."

ஒரு நாற்காலி பின்னால் நகர்ந்தது. "ரொம்ப நன்றிங்க" என்றது ஓர் ஆண் குரல். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகுதான் அவர் போனைக் காதுக்கு எடுத்தார்.

"எங்க டைரக்டர்."

"தெரியாம..."

"இருங்க சார், நான் சொல்லி முடிச்சுக்கறேன். இங்க ரெண்டு கம்ப்ரஸர் படுத்துடுச்சு. இருந்த ஆளும் போயிட்டான். அம்மோனியான்னு சொன்னாலே வர்றவன் எல்லாம் மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடறான். உங்க மச்சான் ஒருத்தர்தான் எங்க பிளான்ட்டைச் சுத்திப் பாத்துட்டு, இந்த வால்வு ஏன் இப்படி இருக்குன்னு எங்களையே கேட்டவர். தொண்ணூறுக்குக் கடிதம் அடிச்சு வெச்சு, டைரக்டரைக் கையோட கூட்டிட்டு வந்து உக்கார வெச்சிருந்தேன். பேனாவைத் தொறந்துட்டார் சார்."

"அதையே இப்பவும்..."

"எப்படி சார்? வீட்டு ஆளே போன் பண்ணி எழுபத்திரண்டு போதும்னு சொன்னதுக்கு அப்புறம், தொண்ணூறுல எவன் கையெழுத்துப் போடுவான்? உங்க எம்.டி. போடுவாரா?"

போட மாட்டார். கடிதத்தை மாற்றி அடிக்கச் சொல்லி அவர் என்னிடம்தான் கொடுப்பார். நானும் அடிப்பேன்.

"இந்தத் தொழில்ல இத்தனை வருஷம் இருந்துக்கிட்டு, என்ன சார் நீங்க," என்று சொல்லி வைத்துவிட்டார்.

மேஜைமேல் கிடந்த காகிதங்களை அடுக்கினேன். அவனைக் கேட்காமல் விண்ணப்பம் போட்டேன். அவனைக் கேட்காமல் விலையையும் குறைத்துவிட்டேன். மாதம் பதினெட்டாயிரம்.

என் மனைவி போன பிறகு நான் எந்தக் கடையிலும் விலை பேசியதில்லை. சொன்னதைக் கொடுத்துவிட்டு வந்துவிடுவேன். இன்றைக்குத்தான் வாயைத் திறந்தேன், அதுவும் எதிராளி பக்கம் நின்று.

மதியத்துக்கு மேல் பிரிவுத் தலைவரிடம் சீக்கிரம் போக வேண்டும் என்றேன்.

"உடம்பு முடியலையா?"

"நல்லாத்தான் இருக்கேன்."

அவர் என்னை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, போகச் சொன்னார். கொஞ்ச காலமாக எல்லோரும் எனக்கு உடனே அனுமதி கொடுத்துவிடுகிறார்கள்.

* * *

பழுதுக்கடை நீளமான ஒற்றை அறை. இரண்டு பக்கமும் கதவு கழற்றிய ஃபிரிட்ஜுகள் வாயைத் திறந்துகொண்டு நிற்கும். அந்த ஃப்ரீஸரைத் தெருவோரமாக இழுத்துப் போட்டு, சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவியிருந்தான் மச்சான். நாற்றம் பாதி போயிருந்தது. உள்ளே என் மகள், பார்சலில் வந்த தெர்மாகோல் அட்டையில் பேனாவால் குத்திக் குத்திப் படம் போட்டுக்கொண்டிருந்தாள்.

"வாங்க வாங்க," என்றார் கடை முதலாளி. "உங்க மச்சான் இன்னிக்கு ஒரே பாட்டு. எந்திரம் ஓடுற சத்தமே தேவலாம்னு ஆயிடுச்சு." டெலிவரிக்கு வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிப் போனார்.

"என்ன மாமா, இந்நேரத்துல?" என்றான் மச்சான். "டீ சொல்லவா?"

"வேண்டாம். ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க."

எங்கிருந்து ஆரம்பிப்பது என்று பார்த்தேன். அதற்குள் அவன் சட்டைப்பையில் போன் மணியடித்தது. ஈரக்கையை முழங்காலில் துடைத்துக்கொண்டு எடுத்தான்.

"வந்துடுச்சு பாருங்க, வருந்துகிறோம்."

படித்தான். மறுபடி மேலிருந்து படித்தான்.

"எழுபத்திரண்டு," என்றான்.

போனை என் பக்கம் திருப்பிக் காட்டினான்.

"நான் தொண்ணூத்தஞ்சு கேட்டேன். எழுபத்தஞ்சுன்னு வந்திருந்தா, சரி, உச்சி அதுதான்னு போட்டிருக்காங்கன்னு நெனச்சுக்குவேன். எழுபதுன்னாலும் சரி. எழுபத்திரண்டு எப்படி மாமா வரும்? அது உங்க நம்பராச்சே. அது இந்த உலகத்துல ரெண்டு பேருக்குத்தான் தெரியும்."

"எனக்குந்தான் தெரியும்," என்றாள் மகள், தலை நிமிராமல். "நான்தான் காலையில குடுத்தேன்."

"நீ குடுத்தது வேற கம்பெனி கண்ணு. போயி, எந்த ஃபிரிட்ஜுக்குக் கதவு இருக்கு, எதுக்கு இல்லன்னு பாத்துட்டு வா. கடைசி வரைக்கும் பாக்கணும்."

அவள் போனாள்.

"போன் பண்ணீங்களா?"

"பண்ணேன்."

"என்ன சொன்னீங்க?"

சொன்னேன். எதையும் விடவில்லை. நான் சொன்னது, ஸ்பீக்கர், டைரக்டர், அடித்து வைத்திருந்த கடிதம். ஸ்பீக்கர் என்றபோது அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடிதம் என்றதும் நின்றுவிட்டது.

"தொண்ணூறா?"

"ஆமா."

"எனக்கா?"

"உனக்குத்தான். பேனாவைத் தொறந்துட்டாராம்."

ஃப்ரீஸர் ஈரமாக இருந்ததைக்கூடப் பார்க்காமல் அதன்மேல் உட்கார்ந்தான். தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டான். அவனுக்கு உண்மையிலேயே தெரிந்திருக்கவில்லை. நடக்காது என்று நம்பித்தான் அந்தத் தொகையைக் கேட்டிருக்கிறான்.

"பணம் போனாப் போகட்டும்," என்றான். "ஆனா என்னை அனுப்பறதுக்கு உங்களுக்கு இருந்த அவசரம் இருக்கே."

"அவங்க தொண்ணூறு தர்றது எனக்குத் தெரியாதுடா. தெரிஞ்சிருந்தா போனே பண்ணியிருக்க மாட்டேன்."

"ஏன்? அவங்களே என்னைக் கூப்பிட்டிருப்பாங்க. உங்க வேலை மிச்சம். அதானே?"

அதுதான்.

"நான் அந்த வீட்டுல இருக்கறது பாரமா இருந்தா என் முகத்தைப் பாத்துச் சொல்லுங்க மாமா. யாரோ ஒரு மேடம்கிட்ட போய் ஏன் சொல்றீங்க?"

"பாரம் இல்ல."

"பின்ன?"

"நீ இங்கயே இருந்தா இப்படியே இருந்துடுவ."

"நீங்க?"

"நான் என்ன?"

"நீங்க எப்படி இருக்கீங்கன்னு கேக்கறேன்." எழுந்து நின்றான். "அக்கா போனதுக்கு அப்புறம் ஒரு நாள், ஒரே ஒரு நாள், சாப்பாட்டுல உப்பு இல்லன்னு சொல்லியிருக்கீங்களா? நான் வேணும்னே உப்பு போடாம சமைச்சேன். ஒரு நாள் இல்ல, அந்த வாரம் பூரா. என்னிக்காவது கேப்பீங்கன்னு பாத்தேன். பாப்பா தட்டைத் தள்ளிவிட்டு அழுதா. நீங்க சாப்பிட்டுட்டு, தட்டைக் கழுவிக் கவுத்துட்டு, லைட்டை அணைச்சுட்டுப் போனீங்க."

அது எந்த வாரம் என்று யோசித்தேன். நினைவில்லை.

"நான் பாப்பாவுக்காகத்தான் இங்க கெடக்கறேன்னு நெனச்சீங்களா?" என்றான். "பாப்பா பொழச்சுக்குவா. அவளுக்குப் பெரிய டிவி இருந்தாப் போதும்."

தெருவில் ஒரு தள்ளுவண்டி போனது. ஃப்ரீஸரின் ஓரத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஏதாவது சொல்ல வேண்டிய இடம் அது என்று தெரிந்தது. இந்த மாதிரி இடங்களில் என் மனைவிதான் பேசுவாள்.

"உன் அக்கா இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தேன்.

"இருந்திருந்தா நான் வந்திருக்கவே மாட்டேன். அதை விடுங்க." என் பக்கத்தில் வந்து நின்றான். கோபம் இறங்கிவிட்டிருந்தது. "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நேரா சொல்லுங்க. நான் போகணுமா, இருக்கணுமா?"

"உனக்கு எது நல்லதோ அது."

"எனக்கு நல்லது எதுன்னு எனக்குத் தெரியும். உங்களுக்கு என்ன வேணும்?"

"தெரியல."

பொய் இல்லை. நிஜமாகவே தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்.

அவன் மெல்லத் தலையாட்டினான். கம்ப்ரஸரைத் தட்டிப் பார்த்துவிட்டு, இது இனிமேல் ஓடாது என்று வாடிக்கையாளரிடம் சொல்வதற்கு முன்னால் அப்படித்தான் ஆட்டுவான்.

"அப்ப சரி," என்றான்.

துணியில் கையை அழுத்தித் துடைத்தான். போனை எடுத்து எண்ணைத் தேடினான். நான் தடுக்கவில்லை. அவன் தெருப்பக்கம் திரும்பி நின்றுகொண்டான்.

"வணக்கம் மேடம், நான்தான். மெயில் பாத்தேன்... ஆமா, எங்க மாமாதான் பேசினது. நல்ல மனுஷன். ஆனா அது அவர் நம்பர், என் நம்பர் இல்ல. நான் காலையில தொண்ணூத்தஞ்சு சொன்னேன், இப்பவும் அதேதான்."

கேட்டுக்கொண்டிருந்தான்.

"அவர் சொன்னது நெஜந்தான் மேடம். காலையில நீங்க வேண்டாம்னு சொல்லட்டும்னுதான் கேட்டேன். இப்ப வர்றதுக்குக் கேக்கறேன்... இல்ல, வெளையாடல. நீங்க தொண்ணூறுக்குக் கடிதம் அடிச்சு வெச்சது எனக்குத் தெரியும். நான் சொல்லாமயே என் மதிப்பு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. எனக்கு இப்பத்தான் தெரிஞ்சுது, அவ்ளோதான் வித்தியாசம்."

மறுபடி கேட்டான். நின்ற இடத்திலேயே ஒரு கால் மாற்றினான்.

"இப்ப ஓடிட்டிருக்கற கம்ப்ரஸர்லயும் ஷாஃப்ட் சீல் போயி கேஸ் கசியுது மேடம். அன்னிக்குப் பக்கத்துல போனப்பவே கண்ணு எரிஞ்சுது. அது விட்டுச்சுன்னா, கிடங்கு பூரா எல்லாரும் வெளிய ஓடுவாங்க. முகமூடியை மாட்டிக்கிட்டு உள்ள போறவன் ஒருத்தன் வேணும். அவனுக்கு எழுபத்திரண்டான்னு உங்க டைரக்டரையே கேட்டுச் சொல்லுங்க. நான் ஒண்ணாந்தேதி வந்துடறேன்... சரி மேடம். காலையில சொல்லுங்க. நன்றி."

வைத்துவிட்டான்.

நான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்த எதையும் அவன் செய்யவில்லை. முதலில் தானே தொகையைச் சொன்னான், உச்சியைத் தாண்டிக் கேட்டான், மனதில் இருந்ததை எல்லாம் கொட்டிவிட்டான். எங்கள் அலுவலகத்துக்கு வந்து ஒருவன் இப்படிப் பேசியிருந்தால் நான் பிரிவுத் தலைவரிடம் ஓடிப்போய் இவனை விடக் கூடாது என்று சொல்லியிருப்பேன்.

"நாளைக்குக் காலையில சொல்றாங்களாம்," என்றான், என் முகத்தைப் பார்க்காமல். ஃப்ரீஸரின் பின்பக்கத் தகட்டை எடுத்துப் பொருத்தி, திருகாணிகளை ஒவ்வொன்றாக முடுக்க ஆரம்பித்தான்.

என் மகள் ஓடி வந்தாள். "ஐஸ் மாமா, கடைசியில இருக்கற ஃபிரிட்ஜுக்குக் கதவு இருக்கு, ஆனா பிடி இல்ல. அது இருக்கறதுல சேத்தியா, இல்லாததுல சேத்தியா?"

"இருக்கறதுலதான்."

"நீ போன்ல பேசினியே, உனக்கு அந்த வேலை கெடைச்சிடுமா?"

"கெடைக்கும்னுதான் நெனக்கறேன். அப்பாவைக் கேளு. அவருக்குத்தான் அதெல்லாம் தெரியும்."

அவள் என்னைப் பார்த்தாள். அவனும் திருகாணியைப் பிடித்தபடி நிமிர்ந்தான்.

எனக்குத் தெரியும்தான். இரண்டு கம்ப்ரஸர் படுத்திருக்கிறது, வேறு ஆள் இல்லை, பேசியவன் பொய் சொல்லவில்லை என்பதும் அவர்களுக்குத் தெரியும். டைரக்டர் ராத்திரி யோசிப்பார். காலையில் கொடுத்துவிடுவார். தொண்ணூற்றைந்து இல்லாவிட்டால் தொண்ணூற்றிரண்டு.

"கெடைக்கும்," என்றேன்.

"ஐய்!" என்று குதித்தாள். உடனே, எதற்குக் குதித்தோம் என்று யோசிக்கிறவள் போல நின்றாள்.

மச்சான் மறுபடி குனிந்துகொண்டான். ஸ்க்ரூடிரைவர் ஒருதரம் வழுக்கித் தகட்டில் கீறியது. அவன் நாக்கைக் கடித்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து முடுக்கினான்.

அவர்கள் முடியாது என்று சொல்லிவிட வேண்டும் என்று எனக்கு இருந்தது. எவ்வளவு கேட்டாலும் கொடுக்கக் கூடாது. அந்தக் கிடங்கே வேண்டுமானால் நின்றுபோகட்டும்.

அதை அவனிடம் சொல்ல வாயைத் திறந்தேன். வண்டியை நிறுத்திவிட்டு முதலாளி உள்ளே வந்துகொண்டிருந்தார்.